ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் நிற்கிறதா?

திருகைத் தொடுமுன் பெட்ரோலைப் பாருங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வீட்டுமனைகளுக்கு இடையே மிஞ்சியிருக்கும் நிலங்களில் கீரை, காய்கறி, பூ ஆகியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிகள் இன்றும் உள்ளனர். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தில் டிராக்டர் திரும்ப இடம் போதாது. மாடு வைத்துக் காப்பாற்றுவதும் கட்டுப்படியாவதில்லை. எனவே பெட்ரோலில் ஓடும் சிறு எஞ்சின்களே இவர்களுக்குக் கைகொடுக்கின்றன. களையெடுக்கும் பவர் வீடர், தூக்கிச் செல்லும் பம்புசெட், முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான், புல் வெட்டும் கருவி ஆகிய நான்கிலும் இருப்பது கார்புரேட்டர் பொருத்திய சிறிய எஞ்சின்தான்.

இந்த எஞ்சின்களைப் பற்றி வரும் புகார்களில் ஒன்று அடிக்கடி கேட்கப்படுவது. கயிற்றை இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. சோக்கைத் திறந்தால் அணைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது. கையை விட்டால் நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த எஞ்சினைத் தை மாதத்தில் வெளியே எடுக்கும்போது இந்தக் கோளாறு அதிகம் தலைகாட்டும். நவரைப் பட்டத்துக்கு நிலம் தயார் செய்ய வேண்டிய நேரமும் அதுவே.

கூலியாட்களை வரச் சொல்லிவிட்டு எஞ்சினோடு போராடினால் அன்றைய கூலி வீண். கீரைப் பாத்திக்கு இரண்டு நாள் தண்ணீர் தவறினாலும் தண்டு முற்றிவிடும். கோயம்பேடு சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டிய சரக்கு அது. முற்றிய கீரைக்கு அங்கே மதிப்பில்லை. இந்த அவசரத்தில் பலர் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, கண்ணில் படும் திருகுகளையெல்லாம் திருப்பிப் பார்ப்பது. மற்றொன்று, கார்புரேட்டரையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவது. பெரும்பாலான சமயங்களில் இரண்டுமே தேவையில்லை. பழைய பெட்ரோலும் அடைபட்ட ஒரு சிறு துவாரமுமே காரணமாக இருக்கும். ஒழுங்காக வரிசைப்படி பார்த்தால் ஒரு மணி நேரத்தில் குறையைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஐடிலிங் எதற்கு?

சுமை இல்லாமல், ஆக்சிலேட்டர் கொடுக்காமல், எஞ்சின் தானாகவே நிதானமாக ஓடும் வேகத்தை ஐடிலிங் என்கிறோம். மெக்கானிக்குகள் ஸ்லோ ஸ்பீடு என்றும் சொல்வார்கள். பல பம்புசெட், பவர் வீடர் எஞ்சின்களில் இது நிமிடத்துக்கு 1400 முதல் 1800 சுற்றுகள் வரை இருப்பது வழக்கம். பம்புசெட்டுகளிலும் வீடர்களிலும் பரவலாகக் காணப்படும் ஹோண்டா ஜி.எக்ஸ். 160 எஞ்சினுக்கு அதன் கையேடு தரும் அளவு 1400 சுற்றுகள்.

“வயலில் முழு வேகத்தில்தானே ஓட்டப் போகிறோம், ஐடிலிங் சரியில்லாவிட்டால் என்ன?” என்று சிலர் நினைப்பதுண்டு. இது சரியல்ல. ஐடிலிங் நிற்காத எஞ்சினை ஓட வைப்பதற்காக வேகத் திருகை உயர்த்தி வைத்துவிட்டால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகமாகவே சுற்றும். வேகத்தால் தானே பிடிக்கும் கிளச் உள்ள வீடர்களிலும் புல் வெட்டும் கருவிகளிலும் கத்தி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். காலில் செருப்புகூட இல்லாமல் பாத்திக்குள் நிற்பவருக்கு இது பெரிய ஆபத்து. பெட்ரோல் செலவும் கூடும். மேலும், ஐடிலிங் கெடுவது பிற கோளாறுகளுக்கு முன்னறிவிப்பு. அதைக் கவனிக்காமல் விட்டால் முழு வேகத்திலும் எஞ்சின் திணறும் நாள் தூரத்தில் இல்லை.

கார்புரேட்டர் வேலை செய்யும் விதம்

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் இதில் நிரம்பும். கிண்ணத்தில் உள்ள மிதவை, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் போலவே, மட்டம் ஏறியதும் ஊசியைத் தூக்கி வரத்தை அடைத்துவிடும்.

கிண்ணத்துப் பெட்ரோல் எஞ்சினுக்குப் போக இரண்டு வழிகள் உள்ளன. வேகமாக ஓடும்போது நடுவில் உள்ள மெயின் ஜெட் வழியே போகும். ஐடிலிங்கில் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் மெயின் ஜெட்டில் உறிஞ்சும் விசை இராது. அப்போது ஸ்லோ ஜெட் என்னும் மற்றொரு சிறு துவாரம் வழியாகவே பெட்ரோல் போகும். இதன் குறுக்களவு அரை மில்லி மீட்டருக்கும் குறைவு. பெட்ரோலில் உள்ள ஒரு துகள் துருவோ, உலர்ந்த பிசினோ போதும், வழி அடைபட்டுவிடும். மெயின் ஜெட் பெரியது என்பதால் அது அடைபடாமல் இருக்கும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடுவதும் விட்டால் நிற்பதும் இதனால்தான்.

சோக் என்பது காற்று வரும் வழியைக் குறுக்கும் தகடு. காற்றைக் குறைத்தால் பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். சோக் போட்டால் ஓடி, திறந்தால் நிற்கும் எஞ்சின், தனக்குப் பெட்ரோல் போதவில்லை என்பதையே சொல்கிறது.

பெட்ரோலே மாறிவிட்டது

பத்து ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாதம் கிடந்த எஞ்சினும் நான்கு இழுப்பில் ஓடியது, இப்போது ஓடுவதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பெட்ரோலும் ஒரு காரணம். கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் கலந்து விற்பது நாட்டில் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் அறிமுகமானது. 2025-ல் நாடு முழுவதும் பரவலாயிற்று. கரும்பு விவசாயிக்கு இது நன்மை தரும் திட்டம். ஆனால் எஞ்சின் வைத்திருக்கும் விவசாயி சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனாலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. மழைக்கால ஈரக்காற்று டாங்க் மூடியின் துவாரம் வழியே உள்ளே போனால் அந்த ஈரத்தைக் கலப்புப் பெட்ரோல் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்தே எடுப்பதால் முதலில் போய்ச் சேர்வது இந்தக் கலவைதான். கிண்ணத்தில் இது கிடந்தால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பித்தளை ஜெட்டில் பச்சை படரும். பழைய ரப்பர் குழாய்களும் வளையங்களும் ஊறி உப்பிவிடுவதுண்டு.

இன்னொன்று, எத்தனால் எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். ஆகவே கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று அளவு வைக்கப்பட்ட பழைய கார்புரேட்டரில், அதே துவாரத்தில் வரும் கலப்புப் பெட்ரோல் எஞ்சினுக்குச் சற்றுப் பற்றாக்குறையாகவே அமையும். புது எஞ்சின் வாங்குகிறவர்கள் அது 20 சதவீதக் கலப்புக்கு ஏற்றதா என்று கையேட்டைப் பார்த்து வாங்குவது நல்லது.

எஞ்சின் சொல்லும் குறிகள்

கருவியைக் கழற்றுமுன் ஐந்து நிமிடம் எஞ்சினைக் கவனிக்க வேண்டும். அது சொல்லும் குறிகள் பின்வருமாறு:

சோக் போட்டால் மட்டும் ஓடினால், ஸ்லோ ஜெட் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு.

வேகம் ஏறி இறங்கி, அலை அடிப்பதுபோல் ஓடினால், சோக்கைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். ஓட்டம் நிதானப்பட்டால் பெட்ரோல் பற்றாக்குறை உறுதி. ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும். நிதானப்படாவிட்டால் கவர்னர் கம்பியும் ஸ்பிரிங்கும் தடையின்றி அசைகின்றனவா என்று பார்க்கலாம். கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டவோ கொக்கியை இடம் மாற்றவோ கூடாது. எஞ்சினின் உச்ச வேகத்துக்கு அதுவே காவல்.

கரும்புகை வந்து, பெட்ரோல் வாடை அடித்து, பிளக் கறுத்து நனைந்திருந்தால், பெட்ரோல் மிகுதி. சோக் முழுவதும் திறக்கவில்லை, ஏர் பில்டர் அடைபட்டிருக்கிறது, அல்லது மிதவை ஊசி கசிகிறது.

கால் மணி நேரம் நன்றாக ஓடி அணைந்து, டாங்க் மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது.

ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் குறையாவிட்டால், கேபிள் சிக்கியிருக்கிறது அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றுக் கசிகிறது.

எஞ்சின் ஆயிலின் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை வீசினால், மிதவை ஊசி கசிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. இந்நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. ஊசியைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே இயக்க வேண்டும். வேலை முடிந்ததும் பெட்ரோல் காக்கை மூடும் பழக்கம் இருந்தால் இந்த நஷ்டம் வராது.

முதலில் பெட்ரோல், அடுத்து காற்று, பிறகு பிளக்

எஞ்சின் ஆறிய பிறகு, அடுப்பும் பீடியும் இல்லாத திறந்த இடத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, அதில் உள்ளதை ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வார்னிஷ் போல நாறினால் பெட்ரோல் கெட்டுவிட்டது. இரண்டில் எதுவானாலும் டாங்கிலிருப்பது முழுவதையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். வடித்ததைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது.

டாங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். குழாயைக் கழற்றி வடிப்பதே முறை.

காக்கைத் திறந்ததும் குழாயில் பெட்ரோல் தாராளமாக வருகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டாங்கில் உள்ள வலையோ காக்கில் உள்ள சல்லடையோ அடைபட்டிருக்கும்.

பிறகு ஏர் பில்டர். புழுதியில் ஓடும் பவர் வீடரில் இதைத் தினமும் பார்ப்பது நலம். பஞ்சுபோன்ற பில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, கையேடு சொன்னால் சிறிது எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். காகித பில்டரைத் தட்டித் தூசி போக்கலாம், நனைக்கக்கூடாது. பில்டரைக் கழற்றினால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று அப்படியே ஓட்டுவது தவறு. உள்ளே போகும் புழுதி, சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள்போல் அராவிவிடும்.

மூன்றாவதாக ஸ்பார்க் பிளக். முனை கறுத்திருந்தால் பித்தளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். ஜி.எக்ஸ். 160 எஞ்சினுக்கு இது 0.7 முதல் 0.8 மில்லி மீட்டர். பீங்கானில் வெடிப்பு இருந்தால் புதிது வாங்குவதே சிக்கனம். பொறி பலவீனமாக இருந்தாலும் ஐடிலிங் நிற்காது. பிளக்கைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் குறை சொல்வது நியாயமல்ல.

ஜெட்டைச் சுத்தம் செய்யும் முறை

இந்த மூன்றும் சரியாக இருந்தும் சோக் இல்லாமல் ஓடவில்லையென்றால் கார்புரேட்டரைத் திறக்கலாம். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றும் ஒவ்வொரு பொருளையும் கழற்றிய வரிசையிலேயே அதன்மீது வைத்துக்கொள்ள வேண்டும். கவர்னர் கம்பி எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

கிண்ணத்தை இறக்கி, மிதவையின் ஊசிக்கம்பியை உருவினால் மிதவையும் அதன் ஊசியும் வந்துவிடும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் குலுங்கும் ஓசை கேட்கக்கூடாது. கேட்டால் மிதவை ஓட்டை. ஊசியின் கூம்பு முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் ஊசியை மாற்ற வேண்டும்.

ஸ்லோ ஜெட் இருக்குமிடம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சிலவற்றில் பித்தளையில் மெயின் ஜெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஜி.எக்ஸ். வகை எஞ்சின்களில் இது கார்புரேட்டரின் மேற்புறத்தில் பிளாஸ்டிக் துண்டாகச் செருகப்பட்டிருக்கும். வேகத் திருகைக் கழற்றிய பிறகு மெதுவாக நெம்பினால் வெளியே வரும். இது தெரியாமல் அடியில் மட்டும் தேடி, மெயின் ஜெட்டை ஊதிவிட்டு, “கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாகிவிட்டது, குறை போகவில்லை” என்று சொல்பவர்கள் உண்டு.

ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துவாரம் ஊசிமுனைபோலத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுத்தமான பெட்ரோலிலோ கடையில் விற்கும் கார்புரேட்டர் கிளீனரிலோ சில மணி நேரம் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊத வேண்டும். காற்று அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிவது அவசியம். ரப்பர் பாகங்களைக் கிளீனரில் போடக்கூடாது. கட்டுக்கம்பி, ஊக்கு, தையல் ஊசி ஆகியவற்றால் துவாரத்தைக் குத்தவே கூடாது. துவாரம் ஒரு மயிரிழை அகன்றாலும் பெட்ரோல் மிகுதியாகி, பிறகு எந்தத் திருகாலும் அதைச் சரிப்படுத்த முடியாது. ஜெட் பொருந்தும் குழியையும், காற்றுக் கதவின் ஓரத்தில் உள்ள சிறு துளைகளையும் மறவாமல் ஊத வேண்டும். அடைப்பு அங்கும் இருக்கலாம்.

காற்றுக் கசிவு

கார்புரேட்டரைத் திரும்பப் பூட்டும்போது நடக்கும் தவறே பல கோளாறுகளுக்குக் காரணம். கிழிந்த கேஸ்கட்டையே மீண்டும் வைப்பது, காலண்டர் அட்டையில் தோராயமாக வெட்டி வைப்பது, கசியும் இடத்தில் பசையை அப்புவது ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். கேஸ்கட்டில் உள்ள சின்னத் துளைகளும் வெட்டுகளும் அழகுக்காக உள்ளவை அல்ல. கிண்ணத்துக்குக் காற்று போகும் வழிகள் அவை. அட்டையில் அந்தத் துளை விடுபட்டால் அந்த வழி அடைந்துபோகும். பசை பிதுங்கி உள்ளே போனால் ஜெட்டை அடைக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் விளிம்பில் ஒரு பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். தடவிய நொடியில் ஓட்டம் மாறினால் அந்த இடத்தில் கசிவு இருக்கிறது. இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீயை வரவழைப்பதாகும்.

கடைசியில்தான் திருகு

இவ்வளவும் முடிந்த பிறகே திருகைத் தொட வேண்டும். கார்புரேட்டரில் வெளியே தெரியும் திருகுகள் இரண்டு. ஒன்று வேகத் திருகு. காற்றுக் கதவு எவ்வளவு மூட வேண்டும் என்பதை இது நிறுத்தி வைக்கும். மற்றொன்று கலவைத் திருகு. ஐடிலிங்கில் பெட்ரோலும் காற்றும் சேரும் விகிதத்தை மாற்றும். இப்போது வரும் பல எஞ்சின்களில் கலவைத் திருகு ஓரளவுக்கு மேல் திரும்பாதபடி மூடியிட்டு அனுப்புகிறார்கள். அந்த மூடியை உடைக்கக்கூடாது.

மூடி இல்லாத திருகானால், முதலில் அதை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் அடிதட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கி முறுக்கினால் கூம்பு முனை நசுங்கிவிடும். கையேட்டில் சொன்ன அளவுக்கு வெளியே எடுக்க வேண்டும். கையேடு கிடைக்காவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சோக்கை முழுதும் திறந்து, கலவைத் திருகைக் கால் சுற்று அளவாக இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எஞ்சின் ஓட்டம் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பிறகு வேகத் திருகைத் தளர்த்தி ஐடிலிங்கை உரிய அளவுக்குக் குறைக்க வேண்டும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொடுத்து விட்டால் திணறாமல் ஏறி, அணையாமல் இறங்க வேண்டும். கத்தியோ சக்கரமோ தானாகச் சுற்றக்கூடாது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கலவைத் திருகு எஞ்சின் பக்கமாக இருந்தால், வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் பில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே திருப்பினால் காற்று கூடிப் பெட்ரோல் குறையும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதிர்மறையான பலனே கிடைக்கும்.

அப்போதும் நிற்காத எஞ்சினில், கயிற்றை இழுக்கும்போது கைக்குத் தடையே தெரியாவிட்டால், குறை கார்புரேட்டரில் இல்லை. வால்வு இடைவெளி கெட்டிருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும் மண்ணெண்ணெய் பம்பும்

விசைத்தெளிப்பான், புல் வெட்டும் கருவி ஆகியவற்றில் பல டூ-ஸ்ட்ரோக் வகை. சாய்த்துப் பிடிக்கும் புல் வெட்டும் கருவிகளில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு இருக்கும். பழைய பெட்ரோலில் கிடந்தால் சவ்வு விறைத்துப்போய் ஐடிலிங் நிற்காது. சவ்வைப் புதிதாக மாற்றுவதே வழி. பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கருவியோடு வந்த கையேட்டின் அளவை டாங்க் மூடியிலேயே எழுதி வைப்பது நல்லது. ஆயில் கூடினால் பிளக்கும் சைலன்சரும் கரி படிந்து அடையும். சைலன்சர் அடைந்தாலும் எஞ்சின் திணறும் என்பதை மறக்கக்கூடாது.

பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய பம்புசெட்டுகள் இன்னும் சிலரிடம் உள்ளன. இவற்றை நிறுத்துமுன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்த வேண்டும். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுத்தாலும் பிடிக்காது.

பந்தய வண்டிக்கும் இதே வைத்தியம்

பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டிகளைச் சேற்றிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டும் பாஹா போட்டி, இந்தியாவில் 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கியது. இவ்வண்டிகளில் பல ஆண்டுகள் பயன்பட்டது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 10 குதிரைத்திறன் எஞ்சின். பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் பொருத்தும் எஞ்சின்களின் இனத்தைச் சேர்ந்தது அது. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், கவர்னர், மிதவைக் கார்புரேட்டர் எல்லாம் ஒன்றே. சேறும் புழுதியும் குலுக்கலும் வயலில் படுவதைப்போலவே அங்கும் படும். பாடமும் ஒன்றுதான்: திருகைத் திருப்புவதற்கு முன் பெட்ரோலும் காற்றும் பொறியும் சரிபார்க்கப்பட வேண்டும்.

சாலையில் ஓடும் வாகனங்களில் கார்புரேட்டர் மறைந்து வருகிறது. 2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு, புது மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் ஊசிவழித் தெளிப்பு முறைக்கு மாறிவிட்டன. இளைய மெக்கானிக்குகள் பலருக்குக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கும் பழக்கமே உள்ளது. கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் கை குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே எஞ்சின் வைத்திருக்கும் விவசாயியே இந்த வேலையைக் கற்றுக்கொள்வது காலத்தின் தேவையாகிவிட்டது. வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் போதும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

கோளாறு வந்தபின் சரிசெய்வதைவிட வராமல் காப்பது எளிது. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு எஞ்சினை ஒதுக்கி வைக்குமுன், கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டும்.

1. டாங்கிலுள்ள பெட்ரோலை முழுவதும் வடித்து, ஓட்டிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிட வேண்டும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்ததையும் நாள்பட்டுக் கெட்டதையும் அப்படி ஊற்றக்கூடாது.

2. காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்ட வேண்டும். அதன் பிறகும் கிண்ணத்தில் மிஞ்சும் பெட்ரோலை வடிகால் திருகைத் தளர்த்தி வடிக்க வேண்டும்.

3. பிளக்கைக் கழற்றி, துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்ட வேண்டும். பிறகு கயிறு கனமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். வால்வுகள் மூடியிருப்பதால் ஈரம் உள்ளே போகாது.

4. ஏர் பில்டரைச் சுத்தம் செய்து மாட்டி, எஞ்சினைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்துச் சாக்கால் மூட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

வேலைக்காலத்திலும் ஒரு வாரத்துக்குத் தேவையான பெட்ரோலை மட்டும் வாங்கி, இறுக்கமான மூடியுள்ள தகுந்த கேனில் நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் பெரும் ஆபத்து.

ஆலோசனைக்கு

பவர் வீடர், பவர் டில்லர் வாங்க மானியமும், வாடகைக்குக் கருவிகளும் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் வழங்கப்படுகின்றன. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் மானிய விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதல். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள், திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். மானியத்தில் புதுக் கருவி வாங்குவோர், விற்பனையாளரிடம் தமிழ்க் கையேட்டைக் கேட்டுப் பெறுவதோடு, ஸ்லோ ஜெட் எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்பதை நேரில் செய்துகாட்டச் சொல்லியே கருவியை எடுத்து வர வேண்டும்.

சிறு எஞ்சினுக்கு வேண்டிய தளவாடமும் சொற்பமே. ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு பித்தளைப் பிரஷ், மாற்றுக்கு ஒரு பிளக், ஒரு செட் கேஸ்கட் ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கருவியோடு வைத்துக்கொண்டால், தை மாதத்தில் ஆட்கள் வரப்பில் காத்திருக்க எஞ்சின் அணையும் நிலை வராது. முதலில் பெட்ரோல், அடுத்து காற்று, பிறகு பிளக், அதன்பின் ஜெட், கடைசியில் திருகு என்ற வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஐடிலிங் கோளாறுகளை விவசாயிகள் தாங்களே, சல்லிக்காசு செலவில், தங்கள் கொட்டகையிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.